அந்தாண்ட விளைந்த நெல்

நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒரு முறை அரசாங்கத்திடம் போய்க் காட்ட வேண்டும். ஓய்வூதியக்காரனுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே அலுவலகப் பணி அதுதான். போன மாதம் அந்தக் கடமையை முடித்துவிட்டு, பக்கத்தில்தானே என்று என் பழைய அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற ஒரு பெண் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு தன் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார். வயலில் போய் நின்றால் போதும், நிற்கிற இடம் எந்த ஊர், எந்தச் சர்வே எண் என்று அதுவே சொல்லிவிடுகிறது. தப்பான வயலில் நின்றால் திரை சிவப்பாகிவிடும். அதற்குமேல் ஒரு வேலையும் செய்ய விடாது.

"இது இல்லாம எப்பிடி சார் இத்தினி வருசம் ஓட்டுனீங்க?" என்று கேட்டார்.

கயிறும் முளைக்குச்சியும் வைத்துத்தான் என்றேன். சுற்றி நின்ற பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். எங்கள் காலம் போல வருமா என்று ஒரு பெருமூச்சு விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அந்தச் சிவப்புத் திரையைப் பார்த்ததும் அப்பாடா என்றுதான் இருந்தது. அது ஏன் என்று அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அதிகாரி வந்துவிட்டார். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் வேலைக்குப் பெயர் பயிர் அறுவடைப் பரிசோதனை. ஒரு ஊரில் எவ்வளவு நெல் விளைந்தது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். எல்லா வயலையும் அறுத்துப் பார்க்க முடியாது. அதனால் குலுக்கல் முறையில் சில வயல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சதுரத்தைக் கயிறு கட்டி அறுத்து, எடை போட்டு, அதிலிருந்து ஊர்க் கணக்கைச் சொல்வோம். நான் புதுச்சேரி டவுனில் முத்தியால்பேட்டைக்காரன். அப்பா மில்லில் நூல் சுற்றியவர். வேலைக்குச் சேர்ந்தபோது நெற்பயிருக்கும் கோரைப்புல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. சில வாரம் வகுப்பில் உட்கார வைத்தார்கள், ஒரு பருவம் மூத்தவர் ஒருவர் பின்னால் குடை பிடிக்காத குறையாக அலைந்தேன். பயிற்சி அவ்வளவுதான்.

ஆனால் வேலையின் முறை கண்டிப்பானது. வயலின் தென்மேற்கு மூலையில் ஆரம்பிக்க வேண்டும். விவசாயிகளுக்கு அது கன்னி மூலை. அங்கிருந்து வயலின் நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளப்போம். பிறகு அச்சடித்த எண்களின் அட்டவணையிலிருந்து இரண்டு எண்கள் எடுப்போம். ஒரு எண்ணுக்கு நீளவாக்கில் நடந்து, இன்னொரு எண்ணுக்கு வயலுக்குள் இறங்கி, கால் நின்ற இடத்தில் முதல் முளையை அடிக்க வேண்டும். அந்த இடத்தில் பயிர் தலை நிமிர்ந்து நின்றாலும் சரி, படுத்துக் கிடந்தாலும் சரி. மற்ற மூன்று முளைகளையும் அடித்துக் கயிறு கட்டிய பிறகு, குறுக்கே மூலைக்கு மூலை அளந்து சதுரம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிற்றின் மேலேயே ஒரு குத்து நெல் நின்றால், அதன் வேர் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். அறுத்ததைத் தார்ப்பாயில் அடித்து, ஒரு மணி சிதறாமல் தூற்றி, அங்கேயே எடை போட வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் இது வெறும் புள்ளிவிவரம். யாருக்கும் நட்டமில்லை. வயல்காரர் மோர் கொடுத்து அனுப்புவார். பிறகு ஒவ்வொன்றாக ஏறியது. உரம் ஏறியது, மருந்து ஏறியது, டிராக்டர் வாடகையும் அறுவடை வண்டி வாடகையும் மணிக்கணக்கில் ஏறின. நடவுக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி வேனில் ஏறிப் போக ஆரம்பித்தார்கள். அங்கே நிழல் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. அவர்களைக் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? நெல் விலையை மட்டும் டெல்லியில் யோசித்து யோசித்து ஏற்றினார்கள். போட்டதை எடுத்தால் போதும் என்கிற நிலை வந்தபோது, பயிர்க் காப்பீட்டைக் கொண்டுவந்து எங்கள் கயிற்றில் கட்டினார்கள். ஊருக்கு நான்கு வயல். அந்த நான்கின் சராசரி வழக்கமான விளைச்சலைவிடக் குறைந்தால் ஊரில் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு. குறையாவிட்டால், தன் வயலில் ஒரு பிடி நெல்கூட மிஞ்சாதவனுக்கும் கிடையாது. அன்றோடு மோர் நின்றது. நாங்கள் கயிற்றை எடுத்தாலே ஊர் எங்கள் பின்னால் வர ஆரம்பித்தது.

எங்கே போனாலும் ஒரே கெஞ்சல்தான். "சார், கொஞ்சம் தள்ளிப் போடுங்க." பயிர் நன்றாக இருக்கிற இடத்தில் முளை இறங்கினால் போதும், அந்த இடத்தில் நல்ல பாம்பு இருக்கிறது, அங்கே மண் வேறு, அது விதைநெல்லுக்கு விட்டது என்று ஆளுக்கொரு காரணம் வரும். நான் இளகிய மனசுக்காரன். தனியாக இருந்திருந்தால் எத்தனையோ இடத்தில் தள்ளிப் போட்டிருப்பேன். அப்படி ஆகாமல் காப்பாற்றியவர் தெரேஸ் மேடம்.

மேடம் எங்கள் புள்ளியியல் அதிகாரி. சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து அங்கிருந்து பென்ஷன் வாங்கியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பாக ஏதாவது நடந்தால் "மே நோன்" என்பார். பிரெஞ்சில் இல்லவே இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு மந்திரியே வந்து பேசினாலும் கதை முடிந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் மண்டியிட்டு, மூலைக்கு மூலை அளவைத் தானே பிடித்துப் பார்ப்பார். யார் கெஞ்சினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். எனக்கு ஆரம்பத்தில் அவர்மேல் கோபம்கூட வந்தது. ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன், கொஞ்சம் இரக்கம் காட்டினால் என்ன மேடம் என்று.

"இன்னைக்கு இரக்கப்பட்டு ஒரு அடி தள்ளிப் போட்டா, நாளைக்கு எவனோ மேலேர்ந்து சொல்லி அந்தப் பக்கம் ஒரு அடி தள்ளணும். அப்ப என்னால முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் இருக்காது," என்றார். நான் அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். சேதராப்பட்டுக்கு அப்பால் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அறுவடைக்கு நின்ற சம்பா, மார்கழிக் கடைசியில் பெய்த மழையில் படுத்துவிட்டது. படுத்த கதிர் தண்ணீரில் கிடந்து அப்படியே முளைவிட்டிருந்தது. மூன்று வயல்களை அறுத்து முடித்திருந்தோம், மூன்றிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. நான்காவது வயல் பாக்கி. ஊரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் ஏழுமலை என்று ஒருவர். நடுவயது. அதிகம் பேசாதவர், பேசினால் கிண்டல்தான் வரும். அவர் வயல் முழுக்க அழுகிவிட்டது. முந்தின நாள் அவரோடு டீ குடித்தபோது, காப்பீடு வந்தால் அடுத்த பருவம் நடுவேன், வராவிட்டால் நிலத்தைப் பிளாட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டுக் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிடுவேன் என்றார். "தொப்பி மட்டும் எனக்கு நல்லா இருக்கும் சார்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மட்டுமல்ல, அந்தத் தெருவில் பாதிப் பேர் அந்த முடிவில்தான் இருந்தார்கள்.

நான்காவது எண் ஏழுமலையின் அண்ணி அஞ்சலையின் வயலுக்கு விழுந்தது. அஞ்சலை புருஷனை இழந்தவர், தனியாகப் பயிர் வைப்பவர். வயலைப் போய்ப் பார்த்தோம். வடக்குப் பாதி ஊரோடு ஊராகத் தண்ணீரில் கிடந்தது. தெற்குப் பாதி கொஞ்சம் மேடு, தண்ணீர் வடிந்து கதிர் தலை சாய்த்துத் தங்கமாக நின்றது. நாலு பக்கமும் வரப்பு. மேடம் காலடி அளந்துவிட்டு, இந்த வயல் கொஞ்சம் நீளம் என்று மட்டும் சொன்னார். கன்னி மூலையிலிருந்து எண்ணி நடந்தோம். முதல் முளை தெற்குப் பாதியின் நடுவில் இறங்கியது. நான் வரப்பில் நின்றவர்களைப் பார்க்காமல் கயிற்றைப் பிரித்தேன்.

ஏழுமலை வரப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"மேடம், அது அந்தாண்ட மேடம். இந்தாண்ட போடுங்க."

மேடம் நிமிரவில்லை. விழுந்த இடம் விழுந்ததுதான் என்றார். ஏழுமலை என் பக்கம் திரும்பி, "சார், நீங்களாவது சொல்லுங்க. அது அந்தாண்ட," என்றார். அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் போடு. எத்தனை ஊரில் கேட்ட கெஞ்சல். எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று நானும் சொல்லிவிட்டேன். அவர் அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பது போல. ஏழுமலை வாயை மூடிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்துக்கொண்டேன்.

அறுத்தோம், அடித்தோம், தூற்றினோம். தராசில் வைத்ததும் தட்டு பலமாக இறங்கியது. மற்ற மூன்று வயலின் நட்டத்தையும் அந்த ஒரு சதுரம் தூக்கி நிறுத்திவிடும் என்று கணக்குத் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்தவர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிட்டு, முடிந்தது இல்லையா என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவரும் அஞ்சலையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாக விளைந்ததற்காக ஒரு பெண் தலை குனிந்து நின்றதை என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.

ஆனாலும் வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் கரும்புத் துண்டு வெட்டிக்கொண்டு வந்து வரப்பில் வைத்தார். மேடம் வழக்கமாக ஒன்றும் வாங்க மாட்டார். அன்று அஞ்சலையின் முகத்தைப் பார்த்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். பேச்சுக்காக, உங்கள் தோட்டத்துக் கரும்பா என்று கேட்டார்.

"இல்லம்மா. அந்தாண்ட எங்க அண்ணன் வூட்டுக்கு ரேஷன்ல பொங்கலுக்குக் குடுத்தாங்க. இந்தாண்ட நமக்குப் பணமா பேங்குல போட்டுடறாங்களே."

மேடம் கடித்த கரும்பைக் கையில் எடுத்துப் பிடித்தபடி நின்றார்.

"அந்தாண்டன்னா எங்கம்மா?"

"அந்தாண்டதாம்மா. தமிழ்நாட்டுல."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கிற நிலம் இல்லை. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பிடித்த ஊர்கள் அப்படியப்படியே தங்கிவிட்டதால், பஸ்ஸில் போனால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும், கொஞ்சத்தில் மறுபடி புதுச்சேரி வரும். ஓர ஊர்களில் ஒரு வரப்பு தாண்டினால் வேறு மாநிலம். டவுனில் பிறந்த எனக்கும் மேடத்துக்கும் அந்தாண்ட என்றால் அந்தப் பக்கம், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தாண்ட என்றால் தமிழ்நாடு, இந்தாண்ட என்றால் புதுச்சேரி. அவர்கள் வேறு பெயரே சொல்வதில்லை.

மேடம் வயலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அஞ்சலையைப் பார்த்தார். "அப்ப உங்க கொழுந்தன் அந்தாண்டன்னு சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அஞ்சலை திரும்பினார். ஏழுமலை போன திசையைப் பார்த்தார். ஒரு பொய்யில் தப்பித்துவிடலாம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும், எங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வரப்ப எடுத்தது நான்தாம்மா. அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

தெற்குப் பாதி, அப்பா வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்த நிலம். வடக்குப் பாதி, புருஷன் வீட்டு நிலம். நடுவில் ஒரு வரப்பு. இரண்டும் சின்னச் சின்னத் துண்டு. டிராக்டர் திரும்புவதிலேயே வாடகை நேரம் போய்விடும், அறுவடை வண்டி இறங்கவே மாட்டேன் என்று சொல்லிவிடும். கூலிக்கு ஆள் கிடைக்காத வருடம் ஒன்றில், இரண்டும் தன்னுடையதுதானே என்று வரப்பை எடுத்து ஒரே வயலாக்கிவிட்டார். எடுத்த பிறகுதான் அது இரண்டு மாநிலத்துக்கு நடுவில் இருந்த வரப்பு என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

"ரெண்டு சர்க்கார் வரப்பாச்சே, ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன். வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவருகிட்ட சத்தியம் வாங்கிக்கினேன். அவரு நெலம் போனாலும் பரவால்லன்னு வாயத் தொறக்காம போறாரு பாருங்க," என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

காப்பீட்டு நிறுவனத்துக்காரர் குறுக்கே வந்தார். எடை போட்டாயிற்று, வீடியோவும் எடுத்தாயிற்று, இனிமேல் மாற்ற முடியாது என்றார். அவர் வேலை அவருக்கு. மேடம் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"தமிழ்நாட்டு நெல்லுக்கு நீங்க இந்த ஊர்ல காப்பீடு குடுத்திருக்கீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "மே நோன்," என்று பதிலையும் மேடமே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் சர்வேயர் வரைபடமும் சங்கிலியும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்க வரப்பிலும் அளந்து, மண்ணை வெட்டச் சொன்னார். கிழக்கு ஓரத்தில் எல்லைக் கல் சாய்ந்து புதைந்து கிடந்தது. நாங்கள் முந்தின நாள் கயிறு கட்டிய சதுரம் முழுசாகத் தமிழ்நாட்டில் இருந்தது. அந்த மேட்டு நிலம் அத்தனையும் அந்தாண்டதான். புதுச்சேரிக்குச் சொந்தம் தண்ணீரில் கிடந்த பாதி மட்டும். அதற்கு ஒரு கன்னி மூலை கண்டுபிடித்து, புது எண் எடுத்து, முறைப்படி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அறுத்த கதிரில் பாதி பச்சையாக முளைத்திருந்தது. தராசு ஏறவே யோசித்தது. மேடத்தின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. நான்தான் எடையை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

ஜெயில் பேச்சை அஞ்சலையே எடுத்தார். சர்வேயர் சிரித்துவிட்டார். இருந்த இடத்தில் வரப்பை மறுபடி போட்டுவிட்டால் போதும், கல்லை மட்டும் யாரும் அசைக்கக் கூடாது என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஏழுமலை வீட்டுக்குப் போய் மண்வெட்டியோடு வந்தார். பின்னாலேயே தெருவே வந்தது. முந்தின நாள் அஞ்சலையிடம் பேசாமல் போனவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கூலி கொடுத்து ஆள் வைக்க முடியாமல் எடுத்த வரப்பு, கூலி இல்லாமல் பொழுது சாய்வதற்குள் எழுந்து நின்றது. ஏழுமலை அண்ணியைப் பார்த்து, இனிமேல் அந்தாண்ட தனி, இந்தாண்ட தனி, டிராக்டர்காரனுக்குக் கொண்டாட்டம்தான் என்றார். அஞ்சலை அழுகையும் சிரிப்புமாக மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் மேடம் புடவையில் காய்ந்த சேற்றை உதிர்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ நான். ஒரு தமிழ் வார்த்தை புரியல பாருங்க," என்றார். அதற்குப் பிறகும் அவர் கயிற்றை ஒரு அடி தள்ளிப் போட்டதில்லை. ஆனால் யாராவது எதையாவது சொன்னால், நிமிர்ந்து பார்த்து, என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் குனிந்தார்.

இழப்பீடு வருவதற்குச் சில மாதங்கள் ஆயிற்று. எங்கள் வேலை எடையோடு முடிந்துவிடும், பணம் எப்போது போகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை, நேரு வீதியில் என் மனைவிக்காகப் புடவைக் கடை வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. ஏழுமலை.

"நாத்து வுட்டுட்டேன் சார். அதச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

இழப்பீடு வந்துவிட்டது என்று புரிந்தது. பிளாட்டுக்காரனைப் பற்றி நான் கேட்கவில்லை. நல்லா வரட்டும் என்று சொன்னேன். எதிரில் இருந்த கடையில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன். மனைவி வெளியே வந்து பொட்டலத்தைப் பார்த்துவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டாள். சேதராப்பட்டுப் பக்கம் ஒருத்தர் நாற்று விட்டிருக்கிறார் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு, நமக்கு சொந்தக்காரங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.